பதினான்காம் பக்கத்து நாற்காலி

ஜனவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் சௌக்கியம். அவருக்கு முழங்கால் மட்டும் மக்கர் செய்கிறது. வீட்டில் என்னைப் போல ஒரு பிசியோதெரபிஸ்டை வைத்துக்கொண்டு, தெருக்கோடி மருந்துக்கடையில் தைலம் வாங்கித் தேய்த்துக்கொள்கிறார். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? ஊருக்கெல்லாம் உடற்பயிற்சி எழுதிக் கொடுக்கிறவன், நீ ஒருநாளாவது குனிந்து நிமிர்ந்தாயா? குட்டிக்கு முன்பல் முளைத்துவிட்டதா?

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன் செய்தால் "அக்கா, மீட்டிங்ல இருக்கேன்" என்பாய். கடிதம் மீட்டிங் முடியும்வரை காத்திருக்கும்.

மாத ஆரம்பத்தில் எங்கள் பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு ஒரு கையேட்டை நீட்டினார். "வயசானவங்க கீழ விழாம இருக்க ஏதோ பயிற்சியாம். மேலிடத்து உத்தரவு. நீங்கதான் நடத்தணும்." அட்டையைப் பார்த்தால் உன் பெயர்! அங்கிருந்த நர்ஸ், அட்டெண்டர், காது வலி என்று வந்திருந்த ஒருவர், எல்லோரிடமும் "என் கூடப் பிறந்த தம்பி" என்று சொல்லிவிட்டேன். உனக்கு நடை பழக்கியதே நான்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

பெருமை போதும், விஷயத்துக்கு வருகிறேன். எங்களைப் போன்ற ஆறு சாதாரண ஆஸ்பத்திரிகளில் ஆறு மாதம் நடத்திப் பார்க்கிறார்களாம். சரியாக வந்தால் ஆகஸ்டில் கமிட்டி கூடி, எல்லா ஆஸ்பத்திரியிலும் இதையே நடத்த உத்தரவு போடுமாம். நான் செவ்வாயும் வெள்ளியும் வகுப்பு வைத்தேன். முதல் நாள் இருபத்திரண்டு பேர் வந்தார்கள். மூன்றாம் வாரத்தில் பதின்மூன்று.

உன் ஆய்வுக் கட்டுரையைத் தேடிப் படித்தேன். பயிற்சி செய்த நூறு பேரில் தொண்ணூற்றிரண்டு பேர் கடைசிவரை வந்தார்கள், விழுவது பாதியாகக் குறைந்தது என்று போட்டிருக்கிறாய். எப்படிடா வரவைத்தாய்? எங்களுக்கு லிஃப்ட் ரிப்பேர். மாடிப்படி முப்பத்தாறு. விழாமல் இருக்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அதில் ஏறி வர வேண்டும். உனக்குத் தெரிந்த சூட்சுமத்தை அக்காவுக்கும் சொல்லு.

உன் மனைவிக்கு என் அன்பு. குட்டிக்கு முத்தம்.

உன் அக்கா


பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். குட்டிக்கு ஒரு பல் முளைத்து இன்னொன்று ஆடுகிறது. என் இடுப்பைப் பற்றிக் கேட்காதே. அத்தானைத் தைலத்தை விட்டுவிட்டுக் கையேட்டின் ஆறாம் பக்கத்தைப் பார்க்கச் சொல்.

உன் கையில் என் கையேடு என்று படித்ததும் தலைகால் புரியவில்லை. இத்தனை வருட உழைப்பு கடைசியில் நம் வீட்டுக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

ஒன்றே ஒன்று சொல்கிறேன். உள்ளதை உள்ளபடி செய். நாற்பத்தைந்து நிமிடம் என்றால் நாற்பத்தைந்து நிமிடம். சமையலில் "கொஞ்சம் கூடப் போட்டேன்" என்பாயே, அந்தக் கைவரிசையை இதில் காட்டிவிடாதே. மாற்றினால் அது என் பயிற்சி அல்ல. பிறகு பலன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் காரணம் சொல்ல முடியாது. இத்துடன் சரிபார்ப்புத் தாள்கள் ஒரு கட்டு அனுப்புகிறேன். ஒவ்வொரு வகுப்புக்கும் பதினெட்டுக் கட்டங்கள். ஜனவரி வகுப்புகளிலிருந்தே, நடந்தவற்றுக்கு டிக் அடித்து மாதாமாதம் அனுப்பு. ஆகஸ்டில் கமிட்டி பார்க்கப்போவது இந்தத் தாள்களைத்தான்.

ஆட்கள் வருவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். பயிற்சி நல்லதாக இருந்தால் மக்கள் தாமாகவே வருவார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 24

அன்புள்ள தம்பிக்கு,

கடிதமும் தாள் கட்டும் கிடைத்தன. இங்கே நலம். அத்தானிடம் ஆறாம் பக்கத்தைக் காட்டினேன். "இவன் கால் வலிக்கு டாக்டரா, காகித டாக்டரா?" என்று கேட்கிறார்.

நீ எழுதியபடி செய்யத்தான் பார்த்தேன். எனக்குக் கொடுத்திருப்பது மாவுக்கட்டுப் போடும் அறை. கை கால் முறிந்து யாராவது வந்தால் நாங்கள் எழுந்து வெளியே போக வேண்டும். இருபத்தைந்து நிமிடம் கிடைத்தாலே பெரிய விஷயம். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால், வகுப்புக்கு வரும் ஒரு தையற்கார அம்மா சுவரைப் பிடிக்கிறார். சுவர் அவர் கையோடு உதிர்கிறது. அதனால் எல்லோரையும் வராந்தாவுக்குக் கூட்டிப்போய், ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, சிந்தாமல் நடக்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே அந்தக் கோடிவரை போய் வந்தார்கள். உன் தாளில் இதற்குக் கட்டம் இல்லை. நடந்ததா, நடக்கவில்லையா? என்னவென்று டிக் அடிக்க?

இப்போது ஒன்பது பேர்தான். அதில் ஒருநாளும் தவறாதவர் மணிக்காரர். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் மணி அடித்தவர். எட்டு மணி வகுப்புக்கு ஏழே முக்காலுக்கே வந்து கடைசிப் படியில் நிற்பார். உன் கையேட்டுக்குச் செய்தித்தாளில் அட்டை போட்டு வைத்திருக்கிறார். "உங்க தம்பி எழுதினதாமே? ஒரு வரி விடாம படிச்சிட்டேன்மா. தெளிவா எழுதியிருக்காரு" என்றார். எனக்கு வாயெல்லாம் பல்.

பதினேழாவது கட்டம்: 'வீட்டில் பயிற்சி செய்யும் இடம் பாதுகாப்பாக உள்ளது.' இது எனக்கு எப்படித் தெரியும்? பதினான்காம் பக்கத்தில், தினமும் வீட்டில் ஓர் உறுதியான நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். ஒன்பது வீட்டுக்கும் நானே போய்ப் பார்க்கவா? ஒரு நாளைக்கு எனக்கு நாற்பது நோயாளிகள். நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள்? அத்தனை பேரை எப்படி வரவைத்தீர்கள்? போன கடிதத்திலும் இதைத்தான் கேட்டேன். நீ பாடம் நடத்தினாயே தவிர பதில் சொல்லவில்லை.

கோபமில்லை. எழுதும்போது அப்படி வந்துவிட்டது. குட்டியின் ஆடுகிற பல் விழுந்ததா என்று எழுது.

உன் அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். வேலை கழுத்துவரை. நாங்கள் நலம். பல் விழுந்துவிட்டது.

பதினேழாவது கட்டத்துக்காக வீடு வீடாக ஏறி இறங்க வேண்டியதில்லை. "நல்ல நாற்காலி இருக்கிறதா" என்று கேள். "இருக்கிறது" என்றால் டிக் அடி. அவ்வளவுதான்.

இன்னொன்று. சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். மற்ற ஐந்து ஆஸ்பத்திரித் தாள்களும் நிறைந்து வருகின்றன. உன்னுடையதில் மட்டும் பாதிக்கு மேல் வெறுங்கட்டம். போன வாரம் கமிட்டியில் ஒருவர் சிரித்துக்கொண்டே, "என்ன சார், உங்க அக்கா ஆஸ்பத்திரியிலயே உங்க பயிற்சி நடக்கலயாமே?" என்றார். எட்டுப் பேர் மத்தியில். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, அக்கா.

அத்தானுக்கு என் அன்பு.

தம்பி


ஏப்ரல் 10

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அத்தானின் முழங்கால் பரவாயில்லை. வெயில் ஏறிவிட்டது, குட்டியை வெளியே விடாதே.

மார்ச் மாதத் தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன். எல்லாக் கட்டமும் நிறைந்திருக்கிறது. ஜனவரி, பிப்ரவரித் தாள்களையும் சரிசெய்து மறுபடி அனுப்பியிருக்கிறேன். முதலில் எனக்குச் சரியாகப் புரியவில்லை என்று வைத்துக்கொள்.

இனி உன்னை யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

உன் அக்கா


மே 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம், எல்லோரும் நலம்! இடுப்பு வலிகூடக் குறைந்த மாதிரி இருக்கிறது.

உன் தாள்கள் வந்ததும் கணக்கெடுத்தோம். ஆறு ஆஸ்பத்திரிகளிலும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கையேட்டின்படியே நடந்திருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் நடப்பது வேறு, நிஜ ஆஸ்பத்திரியில் நடப்பது வேறு என்று என்னைச் சீண்டிக்கொண்டிருந்தவர்களெல்லாம் கப்சிப். இதை வைத்து இரண்டாவது கட்டுரையை எழுத ஆரம்பித்துவிட்டேன். நன்றி சொல்லும் பகுதியில் உன் பெயர் முதலில் இருக்கும். ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி கமிட்டி. உத்தரவு நிச்சயம் என்கிறார்கள்.

மேஜையில் கடிதங்கள் மலையாகக் கிடக்கின்றன. முதல் ஆய்வின்போது எங்களிடம் போன் பேச ஓர் அம்மா இருந்தார். ஆய்வு முடிந்ததும் அவர் வேலையும் முடிந்துவிட்டது. வேறு வேலைக்குச் சான்றுக் கடிதம் கேட்டு நாலு தடவை எழுதிவிட்டார். இரண்டு வரி எழுதக்கூட நேரம் இல்லை. அப்படி ஓடிக்கொண்டிருக்கிறேன்.

மணிக்காரர் எப்படி இருக்கிறார்? என் வாசகர் அல்லவா! கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
தம்பி


ஜூன் 14

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும். நலம் விசாரிக்க இதற்கு மேல் எனக்கு வரவில்லை.

மணிக்காரர் விழுந்துவிட்டார். ஜூன் மூன்றாம் தேதி காலை, அவர் வீட்டு முன்னறையில், உன் பதினான்காம் பக்கத்தைச் செய்துகொண்டிருக்கும்போது. அவர் பிடித்துக்கொண்டு நின்றது ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. வெள்ளை நிறம், ஒரு கால் வெடித்து நூல் சுற்றியிருக்கிறது. அந்த வீட்டில் இருக்கும் நாற்காலிகளில் அதுதான் உறுதியானது. இடுப்பெலும்பு முறிந்து, எந்த அறையில் வகுப்புக்கு வந்தாரோ அதே அறை வாசலில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தார். என்னைப் பார்த்ததும் என்ன சொன்னார் தெரியுமா? "நான்தான் சரியா செய்யலம்மா. உங்க தம்பி கிட்ட சொல்லிடாதீங்க, பாவம், வருத்தப்படுவாரு."

ஆபரேஷன் முடிந்த பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய கையேடு அலமாரியில் இருந்தது. கடைசியில் வீட்டுப் பயிற்சிக்கு என்று நீ ஒரு தாள் வைத்திருக்கிறாயே, அதை எடுத்துப் பார்த்தேன். செய்த நாளுக்கு டிக். செய்யாத நாளுக்கு வெறுங்கட்டம், பக்கத்தில் பென்சிலில் 'காய்ச்சல்', 'மகள் வந்தாள்'. ஜூன் மூன்றாம் தேதிக்கு நேரே அவர் மனைவியின் கையெழுத்து. ஆஸ்பத்திரிக்கு வண்டி வருவதற்குள் எழுதச் சொன்னாராம். 'வலது கால் செய்தது. இடது கால் செய்யவில்லை.'

தம்பி, என் தாள்கள் பொய். ஏப்ரலில் அனுப்பினேனே, எல்லாமே. மாவுக்கட்டு அறையில் ஒருநாள் டீ குடித்துக்கொண்டே, இரண்டு டம்ளர் டீயில் மூன்று மாதத் தாளையும் நிரப்பினேன். நாற்பத்தைந்து நிமிடம் என்று அடித்தேன், ஒருநாள்கூட நடக்கவில்லை. பதினேழாவது கட்டத்தை ஒன்பது பேருக்கும் அடித்தேன். "நல்ல நாற்காலி இருக்கா" என்று கேட்கச் சொன்னாய். நான் அதைக்கூடக் கேட்கவில்லை. எட்டுப் பேர் மத்தியில் உன் முகம் வாடியது என்று எழுதியிருந்தாய். அந்த முகம்தான் கண் முன்னால் நின்றது. மணிக்காரர் வீட்டு நாற்காலி நிற்கவில்லை.

அவர் மனைவி எனக்குத் தண்ணீர் கொடுத்து, "நீங்க எவ்வளவோ பாடுபட்டீங்க" என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

இப்போது மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன். உங்கள் ஆய்வில் அந்த நூறு பேரும் எந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்? அந்தப் போன்காரம்மா போனில் என்ன பேசினார்?

அக்கா


ஜூலை 6

தம்பிக்கு,

மூன்று வாரமாகிறது, உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? உன் மனைவியிடம் போனில் கேட்டேன். "நல்லாத்தான் இருக்காரு அண்ணி, ஆனா சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துட்டே உட்கார்ந்திருக்காரு" என்றாள்.

பெரிய டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இருபது வருஷமா நீங்க எழுதினதைப் படிச்சுப் பார்க்காமலே கீழ நான் கையெழுத்து போட்டுட்டு வர்றேன்மா" என்றார். விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கிறது. வரட்டும்.

மற்ற ஆஸ்பத்திரிகளில் இரண்டு பிசியோக்களை எனக்குத் தெரியும். கூப்பிட்டுப் பேசினேன். ஒருத்தி சிரித்தாள். "நீங்களுமாக்கா? உங்க தம்பி பயிற்சி, நீங்களாவது நிஜமா செஞ்சிருப்பீங்கன்னு நினைச்சேன்." இன்னொருவர் டக்கென்று போனை வைத்துவிட்டார். உன் தொண்ணூறு இப்படி வந்ததுதான்.

ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி உத்தரவு போட்டால், எத்தனை வீட்டில் எத்தனை பேர் அந்தப் பதினான்காம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கையில் கிடைத்த நாற்காலியைப் பிடிப்பார்கள்? நீ போய்ச் சொல். நீ சொல்லவில்லை என்றால் நான் எழுதிவிடுவேன். மிரட்டல் இல்லை. உனக்குத் தெரியாமல் செய்யக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

சாப்பிடு. வயிற்றைக் காயப்போடாதே.

அக்கா


ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. உன் மூன்று கேள்விக்கும் ஒரே பதில்தான். அது உன் முதல் கடிதத்தைப் படித்த அன்றே எனக்குத் தெரியும்.

அவர்கள் தாமாக வரவில்லை. போன்காரம்மா வரவைத்தார். வேலைக்கு எடுத்தது வகுப்பு நேரத்தைச் சொல்ல மட்டும்தான். அவர் காலை ஏழு மணிக்கு ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, ராத்திரி தூங்கினீங்களா, செருப்பு எங்க இருக்கு, மருமக கிட்ட நான் பேசட்டுமா என்பார். அவர்களை ஏற்றிவரும் எங்கள் வேன் வந்தால் கீழே இறங்கிக் கை கொடுப்பார். இரண்டாம் வாரத்தில் ஒரு பெரியவர் வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலி சாய்ந்து லேசாக விழுந்தார். அன்று மாலையே போன்காரம்மா என் அறைக்கு வந்து, "தம்பி, யார் வீட்டுலயும் நல்ல நாற்காலி கிடையாது. நம்ம பழைய பரீட்சை ஹால்ல மர நாற்காலி சும்மாதானே கிடக்கு?" என்றார். வேனில் ஏற்றி நூறு வீட்டுக்கும் நூறு நாற்காலி கொண்டுபோய் வைத்தார். வீட்டில் எந்த மூலையில் நாற்காலி ஆடாது என்று உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவார். பதினேழாவது கட்டம் அவர் சொல்லித்தான் நான் சேர்த்தேன். அவர் எப்படிப் பார்த்தார் என்பதைச் சேர்க்கவில்லை.

பயிற்சி செய்யாத இன்னொரு நூறு பேரோடு ஒப்பிட்டோம் அல்லவா, அவர்களுக்கு நாற்காலி கிடையாது. ஏழு மணி போனும் கிடையாது. அதனால் விழாமல் காத்தது என் பயிற்சியா, மர நாற்காலியா, அந்த அம்மாவா என்று எனக்கே தெரியாது. தெரியாது என்று எழுதியிருக்க வேண்டும். நாற்காலி கொடுத்ததை அவர் படிவத்தில் எழுத வந்தபோது, "இதெல்லாம் பயிற்சியில் சேராதும்மா, எழுத வேண்டாம்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, சொந்தமாக ஒரு நோட்டு வாங்கி அதில் எழுதிக்கொண்டார். வேலை முடிந்து போகிற நாளில் அதை என் கையில் கொடுத்தார். இரண்டு வருடமாக இழுப்பறையில் கிடக்கிறது. உன் ஜூன் கடிதம் வந்த பிறகுதான் பிரித்தேன்.

முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறார்: 'டாக்டர் தம்பி எழுத வேண்டாம் என்றார். அடுத்து செய்கிறவர்களுக்கு உதவும் என்று எழுதி வைக்கிறேன்.'

அடுத்து செய்தவள் நீதான், அக்கா. மக்கள் தாமாகவே வருவார்கள் என்று உனக்கு எழுதினேன். அந்த வரியை எழுதிய கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. உன்னைப் பொய் டிக் அடிக்க வைத்ததும் நான்தான். நீ செய்தது ஏப்ரலில் ஒரு நாள். நான் மூன்று வருடமாகச் செய்துகொண்டிருக்கிறேன்.

கமிட்டியில் சொல்கிறேன். மணிக்காரர் எப்படி இருக்கிறார் என்று கேட்கத் தகுதியில்லை, ஆனாலும் எழுது.

தம்பி


ஜூலை 30

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை அத்தானிடம் படித்துக் காட்டினேன். எழுந்து போய், நம் வீட்டு நாற்காலிகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார்.

பழியைப் பங்கு போடாதே. டிக் அடித்தது என் கை. உன்மேல் கோபம் இல்லை என்று எழுத ஆசைதான். இருக்கிறது. இருந்தாலும் நீ என் தம்பிதான்.

மணிக்காரர் எங்கள் வார்டில் வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்கிறார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் கேட்காமலே டிக் அடித்ததை, மற்ற ஆஸ்பத்திரிகளிலும் அப்படித்தான் என்பதை, நாற்காலிக் கதையை. முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அப்ப என் தாள் மட்டுந்தான் நிஜமாம்மா?" என்றார். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் "ஆமா" என்றேன்.

போன்காரம்மாவைப் பற்றிச் சொன்னபோது மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏழு மணிக்கா? ஏழு மணிக்கெல்லாம் எனக்கும் மணி அடிக்கக் கை நமநமன்னுதான் இருக்கும்" என்று, வகுப்பு ஆட்களின் போன் நம்பர் பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது செவ்வாயும் வெள்ளியும் படுக்கையிலிருந்தே ஒவ்வொருவரையும் கூப்பிடுகிறார். பயிற்சியைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. "செருப்பு போட்டாச்சா? இன்னுமா? மணி என்ன ஆகுது?" அவ்வளவுதான். வகுப்பைக் கீழே சீட்டுக் கொடுக்கும் கூடத்துக்கு மாற்றிவிட்டேன், எட்டரைக்குள் முடித்துவிடுகிறோம். பதினாறு பேர் வருகிறார்கள். சனிக்கிழமைகளில் நானும் அட்டெண்டரும் வீடு வீடாகப் போய் நாற்காலி பார்க்கிறோம். பார்த்த வரைக்கும் முக்கால்வாசி வீட்டில் ஆடுகிற நாற்காலிதான். அங்கே பதினான்காம் பக்கத்தை நிறுத்தச் சொல்லிவிட்டேன். இதையெல்லாம் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி வைக்கிறேன். கட்டம் போடவில்லை.

ஒவ்வொரு தடவையும் மணிக்காரர் போனை வைத்துவிட்டு, "வேற ஏதாவது வேலை இருந்தா குடுங்கம்மா, நன்றி" என்கிறார். அந்த நன்றியைக் கேட்டதும் நான் ஏதாவது சாக்குச் சொல்லி அறையை விட்டு வந்துவிடுகிறேன்.

அந்த அம்மாவுக்குச் சான்றுக் கடிதம் எழுதினாயா?

குட்டிக்கு என் முத்தம். இடுப்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் இருவரும் மணிக்காரர் வீட்டினரும் நலமாக இருக்க வேண்டும்.

கமிட்டியில் சொல்லிவிட்டேன். தாள்களைப் பற்றியும் நாற்காலிகளைப் பற்றியும். தலைவர், "அப்ப வேலை செஞ்சது எது?" என்று கேட்டார். "தெரியாது" என்றேன். அன்று சிரித்தாரே, அவர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உத்தரவைத் தள்ளிவைத்துவிட்டார்கள். முதல் கட்டுரைக்குத் திருத்தம் அனுப்பிவிட்டேன், இரண்டாவதைக் கிழித்துவிட்டேன். உன் வெள்ளைத் தாளைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். தயவுசெய்து அனுப்பு.

போன்காரம்மா ஒரு செருப்புக் கடையில் வேலை செய்கிறார். நான் போனபோது தரையில் உட்கார்ந்து யாருக்கோ கால் அளவு எடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "என்ன தம்பி, இடுப்பைப் புடிச்சிட்டு வர்றீங்க? உட்காருங்க" என்றார். சான்றுக் கடிதத்தையும் திருத்தத்தின் நகலையும் கொடுத்தேன். அவர் செய்த வேலை அத்தனையும் அதில் முதல் பக்கத்தில் இருக்கிறது. நிதானமாகப் படித்தார். மடித்துப் பையில் வைத்தார்.

"அதெல்லாம் சரி தம்பி. நாற்காலி எங்க?"

அக்கா, இதை உனக்கு நான் போன கடிதத்தில் எழுதவில்லை. அப்போதும் மறைத்தேன். ஆய்வு முடிந்த மறுவாரம் நூறு நாற்காலிகளையும் திரும்பப் பெற்றுவிட்டோம். வேன் அனுப்பி, வீடு வீடாக. பல்கலைக்கழகத்துச் சொத்து என்ற தாளில் கையெழுத்துப் போட்டவன் நான். பரீட்சை ஹால் பக்கத்து அறையில் இன்னமும் அடுக்கிக் கிடக்கின்றன. அதன்பிறகு யார் விழுந்தார்கள் என்று நாங்கள் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய காலம் முடிந்துவிட்டது என்று அப்போது நினைத்தேன்.

அவர் பார்த்திருக்கிறார். "எனக்கு இப்பவும் போன் பண்றவங்க பதினோரு பேர் தம்பி. அதுல ரெண்டு பேர் விழுந்துட்டாங்க. மத்தவங்களப் பத்தி எனக்குத் தெரியாது" என்றார். அடுத்த ஆள் செருப்பு போட்டுப் பார்க்கக் காத்திருந்தார், அதனால் போன்காரம்மா எழுந்து போய்விட்டார்.

நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்க அனுமதி வாங்கிவிட்டேன். நேற்றுக் காலை ஏழு மணிக்கு போன்காரம்மாவின் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு முதல் எண்ணைக் கூப்பிட்டேன். ஒரு வயதான அம்மா எடுத்தார். "அந்தம்மா இல்லையா? அவங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறார் என்றேன். "நீங்க யாரு?"

பெயரைச் சொன்னேன். அவருக்குத் தெரியவில்லை. பதவியைச் சொன்னேன். "சரிங்க, யாரு?" என்றார். "உங்க வீட்டு நாற்காலியைத் திருப்பி எடுத்துட்டுப் போனேனே, அவன்" என்றேன்.

"ஓ, நீங்களா" என்றார் அந்த அம்மா. பிறகு, "சொல்லுங்க" என்றார்.

இன்னும் தொண்ணூற்றொன்பது எண்கள் இருக்கின்றன.

தம்பி